தோளில் ஏறிய சைக்கிள்

மூவாரில் சைக்கிள் வாங்க நினைப்பவர் கடைக்குப் போகும் முன் தரையைப் பார்த்துக்கொள்வது நல்லது. கடலோரம் முழுக்க வாய்க்கால் வெட்டி, சதுப்பு நீரை வடித்து உண்டாக்கிய ஊர்கள். பாரிட் ஜாவா, பாரிட் பாக்கார் என்று கம்பத்துக்குக் கம்பம் வாய்க்காலே ஊர்ப்பெயர். ஆற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால் பஞ்சோர், பாகோ பக்கம் தரை மெல்ல மேடாகி மண் சிவக்கும். அங்கேதான் தோட்டங்கள். அங்கேதான் நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் சைக்கிள் மிதித்தார்கள். கடலோரக் களிமண் டயரைக் கவ்விப் பிடிக்கும். செம்மண்ணோ காய்ந்தால் சரளை, நனைந்தால் சோப்பு. இரண்டிலும் ஓடுகிற ஒரே சைக்கிள் வேண்டும் என்பது இந்த ஊரில் புதுக் கோரிக்கை இல்லை.

நான் தேடியது சைக்ளோகிராஸ் சைக்கிள். வீடு பக்ரியில். வேலை ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில், கணக்குப் பிரிவில். காலையில் கொஞ்ச தூரம் தார்ச்சாலை, அப்புறம் லோரிகள் குதறிப்போட்ட தொழிற்பேட்டைப் பாதை. எப்போதாவது ஒரு ஞாயிறு ஜம்போரிக்குப் போக வேண்டும். ஜம்போரி என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். செம்பனைக்கும் ரப்பருக்கும் நடுவே செம்மண் பாதையில் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டம். முன்னால் போகிறவர்களுக்குப் பந்தயம், பின்னால் வருகிறவர்களுக்கு உல்லாசம், முடிவில் எல்லோருக்கும் சோறும் அதிர்ஷ்டக் குலுக்கலும். பெரும்பாலோர் மலைச் சைக்கிளில்தான் வருவார்கள். மலைச் சைக்கிளைத் தினமும் தார்ச்சாலையில் மிதிப்பது வீண் உழைப்பு. மெல்லிய டயர் போட்ட பந்தயச் சைக்கிளோ தொழிற்பேட்டைப் பள்ளத்தில் ஒரு வாரம் தாங்காது. நடுவில் நிற்பது சைக்ளோகிராஸ்.

படத்தை அப்பாவிடம் காட்டினேன். பாகோ பக்கத்துத் தோட்டமொன்றில் இருபது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மட்கார்டு கழட்டிப்போட்ட சைக்கிளுக்கா இவ்ளோ வெள்ளி?"

கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் சைக்ளோகிராஸின் பிறப்பைச் சொல்ல அதைவிடச் சுருக்கமான வரி கிடையாது.

அது ஐரோப்பாவின் குளிர்கால விளையாட்டு. சாலைப் பந்தயக்காரர்கள் பருவம் முடிந்ததும் உடம்பு கெடாமல் இருக்க, அதே சைக்கிளில் வயலிலும் காட்டிலும் புகுந்து ஓட்டினார்கள். டானியேல் கூசோ என்ற பிரெஞ்சுப் படைவீரர், குதிரையில் காட்டுக்குள் போகும் தன் அதிகாரியுடன் சைக்கிளில் கூடவே போய்ப் பழகி, பிறகு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு இதைப் போட்டியாக்கினார் என்பார்கள். 1902இல் பிரான்சின் முதல் தேசியப் போட்டி நடந்தது. 1910இல் டூர் டி பிரான்ஸ் வென்ற ஒக்தாவ் லாபீஸ், குளிர்காலம் முழுக்கச் சேற்றில் ஓட்டியதுதான் தனக்குக் கைகொடுத்தது என்றார். அதன்பின் மற்றவர்களும் சேற்றில் இறங்கினார்கள். முதல் உலகப் போட்டி 1950இல் பாரிசில். வென்றவர் ழான் ரோபிக். பெண்களுக்கு உலகப் போட்டி வைக்க இன்னும் ஐம்பது வருடம் ஆயிற்று, 2000இல்தான். சேறு பெண்களுக்கு ஆகாது என்று நினைத்தவர்களை எங்கள் அப்பாயி காலத்துத் தோட்டத்துக்குக் கூட்டிவந்து காட்டியிருக்கலாம்.

பந்தயப் பாதையில் சேறு, மணல், படிக்கட்டு, குறுக்கே நட்ட பலகைத் தடுப்பு எல்லாம் இருக்கும். தடுப்பு வந்தால் ஓட்டத்திலேயே குதித்திறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி, மறுபடி தாவி ஏற வேண்டும். சைக்கிளின் வடிவமே இதற்காகத்தான் அமைந்தது. மேல் பாரின் அடிப்பக்கத்தைச் சில தயாரிப்பாளர்கள் தட்டையாக்கினார்கள், தோளில் உறுத்தக் கூடாது என்று. பிரேக் கேபிளையும் கியர் கேபிளையும் அடிப்பாரிலிருந்து மேல் பாருக்கு மாற்றினார்கள்; சேறு படாது, தூக்கும் கைக்கும் இடைஞ்சல் இல்லை. ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழையும் இடம், சேறு அடைக்காமல் இருக்க.

இதையெல்லாம் படித்துச் சொன்னபோது அப்பா தன் இடது தோளைத் தடவிக்கொண்டார். அவருக்கு அங்கே இன்னமும் ஒரு தழும்பு இருக்கிறது.

அந்தத் தழும்பின் கதைக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மூவாருக்கு ஒரு காலத்தில் சொந்த ரயில் இருந்தது. 1890இல் தொடங்கிய மூவார் ஸ்டேட் ரயில்வே, பட்டணத்திலிருந்து பாரிட் ஜாவா வரை இருபது கிலோமீட்டர் சொச்சம் ஓடியது. சாலையும் மோட்டார் வண்டியும் வந்த பிறகு 1920களின் இறுதியோடு அது போய்விட்டது. ஆற்றைக் கடக்கப் படகும் பெர்ரியும்தான். சுல்தான் இஸ்மாயில் பாலம் 1960களில் வந்தது. கடலோரத்தில் ஓடிய ரயிலால் உள்ளே தோட்டத்தில் இருந்தவனுக்கு ஒரு புண்ணியமும் இல்லை. லயத்திலிருந்து வெட்டுக் காட்டுக்கு, காட்டிலிருந்து பால் ஸ்டோருக்கு, ஸ்டோரிலிருந்து கடைத்தெருவுக்கு என்று அவன் போக்குவரத்து முழுக்கக் கால்நடை. அப்புறம் சைக்கிள்.

சைக்கிளுக்கும் நமக்கும் உள்ள உறவு டயரில் தொடங்குகிறது. பெல்பாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமம் வாங்கியது 1888. அதே வருடம்தான் ஹென்றி ரிட்லி சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை அவர்தான் பின்னர் வகுத்தார். 1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். ஆற்றுக்கு அந்தப்பக்கம் தொடங்கியது ஆற்றுக்கு இந்தப்பக்கம் வர நாளாகவில்லை. ஐரோப்பாவில் சைக்கிளும் பிறகு காரும் டயர் கேட்டன. கேட்டதை வெட்டிக்கொடுக்கக் கங்காணிகள் திருச்சி, சேலம், வட ஆற்காடு என்று போய் ஆள் கூட்டிவந்தார்கள். 1910 முதல் டன்லப் நிறுவனமே மலாயாவில் தோட்டங்கள் வாங்கியது. தோட்டத்தில் வெட்டிய பால் கப்பலேறிப் போய், டயராகி, ராலே சைக்கிளில் மாட்டப்பட்டு இங்கேயே திரும்பி வந்து விலைக்கு நின்றது. அதை வாங்க வெட்டியவனிடம் காசில்லை. 1920களின் இறுதியில் மலாயாவின் சில பகுதிகளுக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. பொருளாதார மந்தம் வந்ததும் அதிலும் வெட்டு.

அதனால் தோட்டத்தில் முதலில் சைக்கிளேறியவர்கள் கிராணி, வாத்தியார், மருத்துவமனை டிரெஸ்ஸர், அப்புறம் தண்டல். வெள்ளைக்காரத் துரைக்குக் கார். இங்கிலாந்துச் சைக்கிள்களை அந்தக் காலத்துக்காரர்கள் செயின் சக்கரத்தைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடுவார்கள். ராலே என்றால் சக்கரத்துக்குள் நாரைத் தலைகள். ரட்ஜ் என்றால் விரித்த கை. ஹம்பர் என்றால் கைகோத்த மனிதர்கள். அதோடு முன் ஃபோர்க்கில் பக்கத்துக்கு இரண்டிரண்டு குழாய். படிக்கத் தெரியாத அப்பாயிகூட இதைச் சரியாகச் சொல்வார். இப்போது பழைய சைக்கிள் சேகரிப்பவர்கள் இந்தச் சக்கரங்களுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். நாட்டின் விடுதலை நாள் ஊர்வலத்தில் தொப்பியும் வேட்டியும் கைலியுமாக அவற்றை ஓட்டிப் போகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டு ராலே அப்படி ஒருநாளும் பளபளத்ததில்லை.

1930களில் ஜப்பான் சைக்கிள் மலிவாக வந்து இறங்கியது. கடைகளில் இங்கிலாந்துச் சாமானுக்குப் பக்கத்திலேயே அதன் உதிரிப் பாகங்களும் தொங்கின. சாதாரண ஆட்கள் சைக்கிள் வாங்க முடிந்ததற்கு அது ஒரு காரணம். அதே மலிவு இன்னொரு கணக்கிலும் பயன்பட்டது.

1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரைப் பிடித்தது. எழுபது நாள். பாதி வேலையைச் சைக்கிள் செய்தது. டிவிஷனுக்குச் சுமார் 6,000 சைக்கிள் என்று கணக்குச் சொல்கிறார் அந்தப் படையின் திட்ட அதிகாரி மசனோபு சுஜி. பின்வாங்கிய பிரிட்டிஷார் பாலங்களை உடைத்துக்கொண்டே போனார்கள். லோரி நின்றது, சைக்கிள்காரன் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டு, ஆற்றில் நடந்து அக்கரை ஏறினான். வெயிலில் டியூப் வெடித்தால் டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மில் ஓட்டினார்கள். இரவில் அந்த இரும்புச் சத்தத்தைக் கேட்டு டாங்கி வருகிறதென்று எதிரி மிரண்டதுண்டு என்கிறார் சுஜி. எந்தக் கம்பத்திலும் ஜப்பான் சைக்கிளுக்குப் பாகம் கிடைத்தது. கிடைக்காத இடத்தில் ஊர்க்காரன் சைக்கிளையே பிடுங்கிக்கொண்டார்கள்.

ஜனவரி 14 அன்று கிம்மாசுக்கு அப்பால் கெமெஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியர்கள் பதுங்கியிருந்தார்கள். பேச்சும் சிரிப்புமாக வந்த நூற்றுக்கணக்கான சைக்கிள் சிப்பாய்களைப் பாலத்தைக் கடக்கவிட்டு, பின்னால் வந்த கூட்டத்தோடு பாலத்தைத் தகர்த்தார்கள். மறுநாளே போர் மூவார் ஆற்றுக்கு வந்தது. எதிரே நின்றது 45ஆம் இந்தியப் படையணி. ராஜபுத்தானா, ஜாட், கர்வால் பட்டாளங்கள். பெரும்பாலோர் பயிற்சிகூட முடியாத பையன்கள். பாலமில்லாத ஆற்றை ஜப்பானியர் இரவோடு இரவாகப் படகுகளில் கடந்தார்கள். 18ஆம் தேதி பக்ரிச் சாலையில், நான் இன்று வேலைக்குப் போகிற சாலைதான், ஆஸ்திரேலியப் பீரங்கிகள் ஒன்பது டாங்கிகளை வரிசையாக நொறுக்கின. அப்படியும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பாரிட் சூலோங் வரை சண்டையிட்டே போனவர்கள், அங்கே பாலம் எதிரி கையில் இருந்ததால், நடக்க முடிந்தவர்களைச் சதுப்புக்குள் அனுப்பிவிட்டுக் காயம்பட்டவர்களை விட்டுச்செல்ல நேர்ந்தது. ஜனவரி 22 அன்று அந்தக் காயம்பட்ட ஆஸ்திரேலியரும் இந்தியருமாக ஏறத்தாழ 150 பேர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பொறுப்பென்று தீர்ப்பாகி ஜப்பானிய ஜெனரல் நிஷிமுரா 1951இல் தூக்கிலிடப்பட்டார்.

தாத்தா அப்போது ஒரு பழைய ராலே வைத்திருந்தார். தண்டலிடமிருந்து தவணையில் வாங்கியது. ஜப்பான்காரன் சைக்கிள் பிடுங்குகிறான் என்ற செய்தி வந்ததும் அதைப் பிரித்துப்போட்டார். சக்கரம் இரண்டும் லயத்துக் கூரைக்குள். பார் மட்டும் கோழிக்கூட்டுக்கு அடியில். சைக்கிள் தப்பியது, ஆள் தப்பவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரைப் பிடித்துப்போன சயாம் ரயில்பாதைக்கு அவரும் போனார். திரும்பி வந்த சிலரில் ஒருவர். வந்தபோது பாதி உடம்புதான் இருந்தது என்பார் அப்பாயி. அதற்கு மேல் அந்தப் பேச்சை வீட்டில் யாரும் வளர்க்க மாட்டார்கள்.

அவர் திரும்பும்வரை அந்தச் சைக்கிளை மறுபடி பூட்டி மிதித்தவர் அப்பாயி. ரப்பர் நாட்டிலேயே டயர் கிடைக்காத காலம் அது. கப்பல் இல்லை, பால் வாங்க ஆளில்லை, ஆனால் கடையில் ஒரு டியூப் கிடையாது. மலாயா முழுக்க ஜனங்கள் தோட்டத்து ரப்பரையே பட்டையாக வெட்டி ரிம்மில் சுற்றிக் கம்பியால் கட்டி ஓட்டினார்கள். தண்ணீர்க் குழாயைத் துண்டுபோட்டு மாட்டியவர்களும் உண்டு. காற்றில்லாத அந்த டயரில் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் தெரியும். மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு அப்பாயி அதில்தான் போய்வந்தார்.

போர் முடிந்து ஆறுதலாக மூச்சுவிடுமுன் 1948இல் அவசரகாலம். ஜொகூர் அதில் சூடான மாநிலம். தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்கம்பி, விடியும்வரை ஊரடங்கு. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக் கூடாது என்பதால் வெட்டுக்காரர்கள் பசியாற எதையும் எடுத்துப்போகக் கூடாது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து வாசலுக்கு வந்தால் ஒவ்வொரு சைக்கிளும் சோதனை. பம்புக்குள் அரிசி கடத்துகிறார்கள் என்று பம்பை உருவிப் பார்ப்பார்கள். சீட்டைக் கழற்றிக் குழாயைக் கவிழ்ப்பார்கள். பட்டணத்தில் வேறு தொல்லை: உரிமத் தகடு இல்லாவிட்டால் சம்மன், ராத்திரி விளக்கில்லாவிட்டால் சம்மன். இன்று ஒரு லட்சம் வெள்ளிக் காருக்குள்ள கெடுபிடி அன்று சைக்கிளுக்கு இருந்தது.

அப்பா பால் வெட்டப் போன 1960களில்தான் தோட்டத்தில் எல்லோரிடமும் சைக்கிள். ஆணும் பெண்ணும். இந்தக் காலத்தைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் சைக்ளோகிராஸ் என்று விலைக்கு வருவது என்ன என்று எனக்குப் புரிந்தது இங்கேதான்.

வெட்டுக் காட்டுக்குள் நிரைக்கு நிரை அல்லூர் என்கிற வடிகால். அதன்மேல் இரண்டு மரத்தைப் போட்டிருப்பார்கள்; மழைக்காலத்தில் அதுவும் இருக்காது. காலை பத்து, பதினொன்றுக்குள் பாலைச் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோயாக வேண்டும். தாமதித்தால் தோம்புக்குள்ளேயே பால் உறைந்து கட்டிப்பாலாகிவிடும், விலை பாதி. ஆகவே கேரியரில் பால் தோம்பு, பாரில் வாளி, ஹேண்டில்பாரில் ஒட்டுப்பால் பை. அல்லூர் வந்தால் ஓட்ட முடியாது. சுமையோடு தூக்கவும் முடியாது. முதலில் தோம்பை அவிழ்த்து, காண்டாக் கம்பில் மாட்டி, பால் தளும்பாமல் அக்கரைக்கு. திரும்பி வந்து சைக்கிளின் பாரைத் தோளில் ஏற்றி, ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, வழுக்கும் மரத்தில் பக்கவாட்டில் நடக்க வேண்டும். பார் தோளில் அறுக்கும். அதனால் பழைய டியூபை நீளமாகக் கிழித்து, பாரின் நடுவில் இறுக்கச் சுற்றிவைப்பார்கள். ஐரோப்பாவில் மேல் பாரைத் தட்டையாக்கியது எதற்கோ அதற்கேதான் இது. அப்பா அதைச் சுற்றிவைக்காத ஒரு மாதத்தில் வந்ததுதான் அந்தத் தழும்பு.

பெண்களுக்கென்று பார் தாழ்ந்த சைக்கிள் கடையில் இருந்தது. கைலியோடு ஏற வசதி. அப்பாயி கடைசிவரை அதை வாங்கவில்லை. பார் இல்லாத சைக்கிளை எங்கே பிடித்துத் தோளில் போடுவது என்பது அவர் கேள்வி. ஆண் சைக்கிளில்தான் அவரும் அவர் வயதுப் பெண்கள் பலரும் போனார்கள். கைலியைத் தூக்கிச் செருகி, உள்ளே தாத்தாவின் பழைய கால்சட்டை.

சேறு இன்னொரு எதிரி. செம்மண் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அப்பிக் காய்ந்தால் சக்கரம் சுற்றாது. கேரியரில் எப்போதும் ஒரு குச்சி செருகியிருக்கும், நோண்டியெடுக்க. அடைமழை மாதங்களில் முன் மட்கார்டையே கழற்றிவிடுவார்கள். கம்பி பிரேக் நனைந்த இரும்பு ரிம்மில் பிடிக்காது. காலைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்த வேண்டும். அதையும் மீறிப் பிடிக்க வைத்தால் மணல் கலந்த சேறு ரிம்மையும் பிரேக் கட்டையையும் சேர்த்து அரைத்துவிடும்.

இதே சைக்கிள்தான் பந்தயத்துக்கும். தீபாவளிக்கும் விடுதலை நாளுக்கும் தோட்டத்துத் திடலில் விளையாட்டுப் போட்டி வைப்பார்கள். கயிறிழுத்தல், வழுக்குமரம், சாக்கு ஓட்டம், அப்புறம் சைக்கிள். மெதுவாக ஓட்டும் பந்தயம் வயசானவர்களுக்கு. வேகப் பந்தயம் இளவட்டங்களுக்கு, காற்பந்துத் திடலைச் சுற்றிப் புல்தரையில். முந்திய சாயங்காலமே அப்பா ஸ்பேனரோடு உட்கார்ந்துவிடுவார். கேரியர் கழலும். ஸ்டாண்டு, மட்கார்டு இரண்டும், செயின் கவர், டைனமோ எல்லாம் கழலும். ஹேண்டில்பாரைக் கவிழ்த்து மாட்டினால் குனிந்து மிதிக்கலாம். ஆனால் ராலேயின் கம்பி பிரேக் ஹேண்டில்பாரோடு பிணைந்தது, கவிழ்த்தால் பிரேக் போச்சு. அப்பா கவிழ்த்துவிடுவார். பிரேக் இல்லாமல், நனைந்த புல்லில், பதினைந்து பேரோடு தோளிடித்துக்கொண்டு. பரிசு ஒரு துவாலை, இல்லாவிட்டால் டார்ச் லைட். திங்கட்கிழமை விடிவதற்குள் எல்லாம் பழையபடி பூட்டப்பட்டு, தோம்பு கேரியரில் ஏறியிருக்கும்.

பத்திரிகையில் வந்த பெரிய பேர்களெல்லாம் சாலையிலும் வட்டப்பாதையிலும் ஓட்டியவர்கள். 1978 பேங்காக் ஆசிய விளையாட்டில் சாலைப் பந்தயத் தங்கம் வென்ற இங் ஜூ ஙான், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காக இறங்கிய முருகையன் குமரேசன், இந்தக் காலத்து அஸிசுல்ஹஸ்னி அவாங். ஆனால் வேலைச் சைக்கிளையே அவிழ்த்துப் பந்தயச் சைக்கிளாக்குகிற கலை, பேர் வெளிவராத தோட்டத்து ஆட்களுடையது.

1970களில் ஹோண்டா மோட்டார் வந்தது, தவணையில். ஐந்தாறு வருடத்தில் சைக்கிள் லயத்துச் சுவரோரம் சாய்ந்தது. ரப்பர் மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன. ஆட்கள் பட்டணத்துக்கு வந்துவிட்டார்கள். இன்று மூவாரில் விடிகாலையில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களைப் பார்க்க வேண்டுமானால் மரச்சாமான் தொழிற்சாலைகளின் வாசலில் நிற்க வேண்டும். வங்காளதேசத்துப் பையன்கள், நேப்பாளத்துப் பையன்கள். கேரியரில் சோற்றுத் தூக்கு. தவணையில் வாங்கிய சைக்கிள், அதே கணக்கு. அவர்களோடு சேர்ந்து ஒரு கணக்கெழுதுகிற அம்மாவும் சைக்கிளில் வாசலுக்குள் நுழைவது காவலாளிக்கு இன்னும் வேடிக்கையாக இருக்கிறது.

சரி, வாங்குகிற கதைக்கு வருகிறேன். அப்பாவின் சைக்கிளை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் கடைக்காரர் சொல்லும் பாதி விஷயம் தேவையில்லாமல் போகிறது.

முதலில் துளை. மட்கார்டும் கேரியரும் திருகுகிற துளை ஃபோர்க்கிலும் பின்பக்கமும் இருக்கிறதா என்று பார்த்தேன். பந்தயத்துக்கென்றே செய்த கார்பன் சைக்கிள்கள் பலவற்றில் அது இருக்காது. எடையில் சில கிராம் மிச்சம் என்பார்கள். வேலைக்கு ஓட்டுகிறவருக்கு அந்தச் சில கிராமின் விலை, முதுகு முழுக்கச் சேற்றுக்கோடு. அமெரிக்காவின் சர்லி நிறுவனம் 1990களின் கடைசியில் கொண்டுவந்த கிராஸ்-செக் என்ற இரும்புச் சைக்கிள் பல நாடுகளில் இப்படி இரட்டை வேலைக்குப் பேர்பெற்றது. துளைகள் உண்டு, அகல டயர் நுழையும். அதைத்தான் முதலில் தேடினேன். என் உயரத்துக்குக் கிடைக்கவில்லை.

அடுத்தது பிரேக். சைக்ளோகிராஸில் வெகுகாலம் கேண்டிலீவர் பிரேக்தான். சேறு போக இடம்விடும், ஆனால் கடிப்பது ரிம்மைத்தான். செம்மண் நாட்டில் அதன் கதி என்ன என்று அப்பாவின் ரிம் சொல்லும். 2010இல் உலக சைக்கிள் சங்கம் இந்தப் பந்தயத்துக்கு டிஸ்க் பிரேக்கை அனுமதித்தது. பழைய கேண்டிலீவர் சைக்கிள் பாதி விலைக்குக் கிடைத்தாலும் மூவாரில் டிஸ்க்தான் வாங்க வேண்டும் என்பது என் தீர்மானம். எண்ணெய் டிஸ்க் வேண்டாம், கேபிளால் இழுப்பது போதும். நம் கடைத்தெருவில் யாரும் சரிசெய்து தருவார்கள்.

இந்தச் 'சரிசெய்து தருவார்கள்' என்பதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் போட்டேன். பெடல் அச்சு திருகிப்பூட்டுகிற பழைய வகையா, இல்லை அழுத்திச் செருகுகிற புது வகையா? புது வகை சேற்றில் கிறீச்சிடத் தொடங்கினால் அதற்குத் தனிக் கருவி வேண்டும். கேபிள் வெளியே ஓடுகிறதா, குழாய்க்குள்ளா? ஜப்பான் படைக்குத் தெரிந்த பாடம் இன்றைக்கும் செல்லும்: கம்பத்துக் கடையில் பாகம் கிடைக்காத சைக்கிள், உடைகிற அன்று இரும்புக்கடைச் சரக்கு.

கியரைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. மூவார் தட்டை நிலம். முன்பக்கம் ஒரே சக்கரம், பின்பக்கம் பத்து, பதினொன்று இருந்தால் தோட்டத்து மேட்டுக்கும் போதும். தொடர்ந்து லெடாங் மலைப் பக்கம் ஏறுகிறவர்கள் வேண்டுமானால் முன்பக்கம் இரண்டு வைத்துக்கொள்ளட்டும்.

கடைசியாக வாங்கியது ஜொகூர் பாருவில், இரண்டாம் கை, அலுமினியச் சட்டம். சுமார் பத்துக் கிலோ. ராலே அதைப்போல் இரண்டு மடங்கு இருந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒரு சுற்றுப் பார்த்தார். சட்டத்தைத் தட்டினார். ஃபோர்க்குக்கு நடுவே விரலைவிட்டுப் பார்த்தார். பிறகு குனிந்து பாரைப் பிடித்து, எழுபத்தெட்டு வயதில், ஒரே இழுப்பில் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலுக்கும் படலுக்குமாக நடந்தார். அம்மா சத்தம்போட்ட பிறகுதான் இறக்கினார்.

"கனமில்ல. ஆனா செயின் கவர் இல்லியேம்மா, வேலைக்குப் போற துணி என்னாகும்?"

நியாயமான கேள்வி. செயின் கவரை மூடிய பெட்டியாகவே செய்து கொடுத்த ராலேக்காரன் கைலியையும் வேட்டியையும் நினைத்துச் செய்தானோ இல்லையோ, நமக்கு அது பொருந்தியது. சைக்ளோகிராஸில் அதற்கு வழியில்லை. கால்சட்டை நுனியை ரப்பர் பட்டையால் கட்டிக்கொண்டு போகிறேன். ஆபிஸ் துணி பின்பையில். மட்கார்டை நான்கு திருகாணியில் மாட்டிவைத்திருக்கிறேன், ஜம்போரிக்கு முந்திய சாயங்காலம் கழற்ற. அந்த வேலையை அப்பா தன் பேரில் எழுதிக்கொண்டுவிட்டார். ஸ்பேனரை என் கையில் கொடுப்பதில்லை.

டயர் விஷயத்தில் மட்டும் தம்பிக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. சைக்ளோகிராஸ் விதிப்படி டயர் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, அதையே போடு என்கிறான். அளக்க நடுவர் யாரும் செம்பனைக் காட்டுக்குள் வரப்போவதில்லை. 38 போட்டிருக்கிறேன்.